ஆத்ம திருப்தி சம்பளத்தில் சேராது

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணே, பிடிச்ச வேலையைத் தேடிப் போகணுமா, இல்ல கிடைச்ச வேலையைப் பிடிச்ச மாதிரி செஞ்சுக்கிட்டே இருக்கணுமா?" நான் துறை மாறியவன். அதனால் என்னிடம் இதற்குப் பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். 13 ஆண்டுகள் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். இப்போது 5 ஆண்டுகளாகச் செபராங் பிறையில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் மேலாளராக இருக்கிறேன்.

இந்தக் கேள்விக்குச் சந்தையில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "உன் கனவைத் துரத்து" என்பது ஒன்று. தன்முனைப்புப் பேச்சாளர்கள் விற்பது இதைத்தான். "எந்த வேலையும் நம் மனசைப் பொறுத்தது" என்பது மற்றொன்று. இது பெரியவர்கள் சொல்வது. இரண்டும் எதிரெதிரானவை போலத் தெரியும். ஆனால் இரண்டுமே வேலை செய்பவரின் மனசை மட்டும்தான் பார்க்கின்றன. நடுவில் ஓர் ஆள் விட்டுப்போகிறார். அட்டவணை போடுபவர், விடுப்புக்குக் கையெழுத்துப் போடுபவர், நாம் ஒன்றைச் சொன்னால் கேட்பவர் அல்லது கேட்காதவர். அவர்தான் மேலதிகாரி.

வேலை இனிப்பதும் கசப்பதும் பாதிக்கு மேல் அவர் கையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அப்படியிருக்க, கீழே வேலை செய்பவர்களைப் பார்த்து "ரசித்துச் செய்யுங்கள்" என்று அறிவுரை சொல்லும் உரிமை மற்ற யாரையும்விட அவருக்குத்தான் குறைவு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் துறை மாறியதற்குப் பின்னால் பெரிய ஞானோதயம் எதுவும் இல்லை. எங்கள் உற்பத்திப் பிரிவு வேறு நாட்டுக்கு மாறியது. விஎஸ்எஸ் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ஆள் அட்டவணை, கையிருப்பு, இயந்திரப் பராமரிப்பு தெரிந்த ஒருவரை இந்த மையம் தேடிக்கொண்டிருந்தது. சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மனைவி அரசாங்க வேலையில் இருப்பதால் சமாளிக்க முடிந்தது. இதைச் சொல்லாமல் "பணம் முக்கியமில்லை" என்று மேடையில் பேசுவது நியாயமாகாது.

ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "ஃபேக்டரியில என்ன இருக்கு, இதுலதான் ஆத்ம திருப்தி." எனக்கு இந்தப் பேச்சு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஃபேக்டரியில் நிறைய இருந்தது.

பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972இல் தொடங்கியது. தோட்டத்தையும் கம்பத்தையும் விட்டு முதல் தடவையாகச் சம்பளத்துக்கு வெளியே வந்த எத்தனையோ பெண்களை அதிகாலையில் ஃபேக்டரி பஸ் ஏற்றிக்கொண்டு போனது. நான் சேர்ந்த காலத்திலும் என் பிரிவில் பாதிப் பேர் அப்படி வந்த அக்காமார்கள்தான். எங்களுடையது சோதனைப் பிரிவு. சிப்புகளைச் சூட்டிலும் குளிரிலும் வைத்து, மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து, தேறியதையும் தேறாததையும் பிரிக்க வேண்டும். 12 மணி நேர ஷிஃப்ட். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடையில் கண் மட்டும்தான் வெளியே தெரியும்.

ஒருநாள் இரவு ஷிஃப்ட்டில் ஓர் இயந்திரத்தில் தேறாத சிப்புகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. பொறியாளர்கள் கணினியில் சோதனை நிரலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இயந்திரத்தை 20 ஆண்டுகளாக ஓட்டும் அக்கா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "அக்கா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். "தம்பி, சிப்பை வைக்கும்போது ஒரு தடவைதான் 'டக்'னு கேக்கும். நேத்திலேர்ந்து ரெண்டு தடவை கேக்குது" என்றார். திறந்து பார்த்தோம். சிப்பு உட்காரும் குழியில் இருந்த ஊசி போன்ற முனைகள் தேய்ந்திருந்தன. சிப்பு ஒழுங்காக உட்காரவில்லை. சிப்பில் எந்தக் கோளாறும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, முந்தைய ஷிஃப்ட்டிலும் அந்த அக்கா இதைச் சொல்லியிருந்தார் என்பதுதான். அங்கே கிடைத்த பதில்: "உங்க வேலையைப் பாருங்க." அவருடைய வேலையே அந்தச் சத்தம்தானே! பழுது சரியானதும் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, உடை மூடியிருந்தது. ஆனால் ஒரு மாதத்துக்கு கேண்டீனில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சம்பளம் ஒரு வெள்ளிகூடக் கூடவில்லை. வேலையும் மாறவில்லை, அதே இயந்திரம், அதே 12 மணி நேரம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் நடந்த ஒன்று இதைப் பெரிய அளவில் காட்டுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அங்கிருந்த கார் தொழிற்சாலையை 1982இல் மூடிவிட்டது. வேலைக்கு வராதவர்கள், சண்டைகள், மோசமான தரம் என்று பெயர் கெட்டுப்போன இடம் அது. 1984இல் டொயோட்டாவும் சேர்ந்து அதே இடத்தைத் திறந்தது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள்தான், சங்கமும் பழைய சங்கம்தான். கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் வரிசையையே நிறுத்தலாம் என்று வைத்தார்கள். கயிற்றை இழுத்தால் திட்டுவதற்கு யாரும் வரமாட்டார்கள், உதவி செய்யக் குழுத்தலைவர் ஓடி வருவார். கொஞ்ச காலத்தில் அந்த நாட்டின் தரமான கார் தொழிற்சாலைகளில் ஒன்றாக அது பேர் வாங்கியது. அவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் "மனசு" மாறிவிட்டது என்று யார் நம்புவார்கள்?

சரி, இந்த இடத்தில் என் கட்சிக்கு எதிராக எனக்கே ஒரு சாட்சி இருக்கிறது. என் பாட்டி.

கெடாவில் ஒரு தோட்டத்தில் பாட்டி பால் வெட்டியவர். விடியும் முன்பே பெரட்டு. பேர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்கும் கீழே மண்டோர். தலைமை என்றால் நிற்கிறவர்களுக்கு முன்னால் நின்று சத்தம் போடுவது என்றுதான் நம் மூன்று தலைமுறைக்குத் தெரியும். கங்காணி ஆள் பிடித்து வந்த காலம் 1938இல் இந்திய அரசாங்கம் போட்ட தடையோடு முடிந்தது. ஆனால் அந்தக் குரல் மட்டும் முடியவில்லை. இன்றைக்கும் ஏர்கோன் அறையில் டை கட்டிக்கொண்டு அதே குரலில் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம்மவர்களிடமும் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட இடத்திலும் பாட்டிக்குத் தன் வேலை பிடித்திருந்தது. பால்மரத்தில் பட்டையை மெல்லிய சீவலாக, சாய்வாக எடுக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் கூடினால் கத்தி கட்டையில் பட்டு மரத்தில் காயமாகிவிடும், அந்த இடத்தில் வளரும் புதுப் பட்டை முண்டு முண்டாக இருக்கும், மறுபடி வெட்ட ஆகாது. "என் நிரையில போய்த் தடவிப் பாரு, கன்னம் மாதிரி வழவழன்னு இருக்கும்" என்பார் பாட்டி. 70 வயதில், தோட்டமே செம்பனையாக மாறிய பிறகும், அந்தப் பெருமை அவரிடம் இருந்தது.

ஆக, கெட்ட தலைமைக்குக் கீழேயும் வேலையில் இன்பம் இருக்க முடியும். மனுசருக்குக் கைத்திறன் மீது இருக்கும் ஆசை லேசில் சாகாது. அப்படியென்றால் மனசைப் பொறுத்தது என்று சொன்ன பெரியவர்கள் சொன்னது சரியாகிவிடுமா?

நான் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். பாட்டியின் இன்பம் பாட்டியுடையது. அந்த மரத்துக்கும் அவர் கைக்கும் இடையில் நடந்த ஒன்று. மண்டோருக்கும் துரைக்கும் அதில் ஒரு பங்கும் கிடையாது. "பார், இவள் சந்தோஷமாகத்தானே வெட்டுகிறாள், கூலி எதற்கு ஏற்ற வேண்டும்?" என்று ஒரு துரை கேட்டிருந்தால் அது திருட்டு. தலைமையில் இருப்பவர் தொழிலாளியின் இன்பத்தைக் கெடுக்கலாம், கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், வளர இடம் கொடுக்கலாம். அதைச் சம்பளத்தில் ஒரு பகுதியாகக் கணக்குக் காட்ட மட்டும் அவருக்கு உரிமை இல்லை.

இது தோட்டத்து விஷயம் மட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். இன்றைய என் வேலையில் இந்தக் கணக்கு தினமும் வருகிறது.

எங்கள் மையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். முதல் ஷிஃப்ட் காலை 6 மணிக்கு. ஒருநாளைக்கு மூன்று ஷிஃப்ட். நம் நாட்டில் புதிதாக இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் அதிகம் பேரைக் கொண்டுவந்து சேர்ப்பது நீரிழிவுதான். நம் இனத்தவர் வீடுகளில் அது எவ்வளவு சகஜம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஃபேக்டரியிலிருந்து வந்தவனுக்கு முதலில் கண்ணில் படுவது இடைவெளி நேரம். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவருக்கு இயந்திரம் ஓடத் தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. ஒரு வாரம் உட்கார்ந்து நேரம் குறித்தேன். பிறகு தலைமைத் தாதியிடம் போய், "அக்கா, இதுல எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது, நீங்க சொல்லுங்க" என்றேன்.

"தம்பி, ஊசி எடுத்த இடத்துல பத்து நிமிஷமாச்சும் அழுத்திப் பிடிக்கணும். நாலு மணி நேரம் சாஞ்சிருந்தவங்க பட்டுனு எந்திரிச்சா பிரஷர் இறங்கி விழுந்துருவாங்க, உக்கார வச்சிட்டுத்தான் விடணும். மெஷின் உள்ள கிருமி நீக்கம் பண்ணணும். இதுல கைய வைக்காதீங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா சாமான் எடுக்க ஸ்டோருக்கு எத்தனை தடவை நடக்கிறோம்னு எண்ணிப் பாருங்க" என்றார்.

எண்ணிப் பார்த்தோம். ஊசி, குழாய், பஞ்சு, உப்புநீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடை. முந்தைய ஷிஃப்ட் ஓடும்போதே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தட்டு தயாராக வைத்துவிடலாம் என்பது தாதிமார்களே கொண்டுவந்த யோசனை. 12 நிமிடம் மிச்சமானது.

மிச்சமான 12 நிமிடம் யாருக்கு? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. தலைமைத்துவப் பயிலரங்குகளில் நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லித் தருவார்கள், மிச்சமானதை யாருக்குக் கொடுப்பது என்று யாரும் பேசுவதில்லை. "அப்படின்னா ஷிஃப்ட்டுக்கு ஒரு மிஸ்ஸியைக் குறைச்சுக்கலாமே" என்று செயலவையில் ஒருவர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நன்கொடைப் பணத்தில் ஓடும் மையம் இது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தாதிமார்கள் அதுவரை நின்றபடியே, ஒரு கையில் ரொட்டியும் மறுகையில் பேனாவுமாகப் பசியாறிக்கொண்டிருந்தார்கள். அந்த 12 நிமிடம் உட்கார்ந்து பசியாற என்று முடிவானது. அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் அவர்களே இன்னும் மூன்று யோசனைகள் கொண்டுவந்தார்கள். முதலில் மிச்சமானதைப் பிடுங்கியிருந்தால் அந்த மூன்றும் வாய்க்குள்ளேயே இருந்திருக்கும்.

வாய்க்குள் இருப்பதைப் பற்றி இன்னொன்று. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைத் தாதியர் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள குழுவில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கிடைத்த கணக்கோ தலைகீழாக இருந்தது, நல்ல குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. ஆராய்ந்து பார்த்தபோது, அந்தக் குழுக்களில் பிழையை வெளியே சொல்ல முடிந்தது, மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்று புரிந்தது. இரத்தத்தோடு வேலை செய்யும் இடத்தில் இதன் பொருள் என்ன என்று சொல்லத் தேவையில்லை. 'டக்' சத்தத்தைச் சொல்ல முடியாத ஃபேக்டரியில் போவது சிப்பு.

எங்கள் மையத்தில் யார் கண்ணிலும் படாத ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர். ஒரு நோயாளியின் இரத்தத்தைச் சுத்தப்படுத்தும் கரைசல் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் ஓடினால், நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். மெல்லிய சவ்வு ஒன்றுதான் அந்தத் தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவில். குழாய்த் தண்ணீரில் கிருமி சாக வேண்டும் என்று கலக்கப்படும் குளோரினும் குளோரமினும் நாம் குடிக்கும்போது ஒன்றும் செய்யாது. இங்கே வந்தால் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் கரி வடிகட்டியைத் தாண்டி வரும் தண்ணீரை ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் முன்னால் சோதிக்க வேண்டும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

இதைச் செய்பவர் ஒரு மலாய்க்காரர். எல்லாருக்கும் அவர் 'அபாங்'. விடிகாலை 5 மணிக்கு முன்பே வந்து, பின்னால் உள்ள தண்ணீர் அறைக்குள் போய்விடுவார். 11 ஆண்டுகளாக அவர் எழுதிய எண்கள் கோப்புக்குள் அடுக்கடுக்காகக் கிடந்தன. நோயாளிகளில் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியாது. நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கோப்பில் எழுதும் எண்ணைக் கூடத்தில் உள்ள வெள்ளைப் பலகையிலும் எழுதி, பக்கத்தில் பேர் போடச் சொன்னேன். புதிதாகச் சேரும் யாராக இருந்தாலும் முதல் நாள் முதல் ஒரு மணி நேரம் அபாங்கோடு தண்ணீர் அறையில் நிற்க வேண்டும் என்றும் வைத்தோம். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்களிடம் சிகிச்சைக்கு வருகிறார். அவர் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்வார். "அபாங், ஹரி இனி பெராப்பா?" என்று கேட்பார். இப்போதெல்லாம் அபாங் எண்ணை எழுதிவிட்டு உடனே உள்ளே போவதில்லை, ஐந்து நிமிடம் நின்று பேசிவிட்டுப் போகிறார்.

தான் செய்வது யாருக்குப் போய்ச் சேருகிறது என்று தெரிந்தால் வேலையின் எடை மாறுகிறது. ஃபேக்டரியில் எங்களுக்குக் கிடைக்காதது அது ஒன்றுதான். அங்கே சிப்பு ரீலில் சுற்றிப் பெட்டியில் போய்விடும், எந்த நாட்டில் எந்தக் காடிக்குள் உட்காருகிறது என்று யாருக்குத் தெரியும்? இந்த வகையில் துறை மாறியதில் எனக்கு இலாபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், இவ்வளவு "புனிதமான" இடத்திலும் ஒருவர் 11 ஆண்டுகள் பின்னறையில் பேர் தெரியாமல் இருக்க முடிந்திருக்கிறது. துறை நல்ல துறை என்பதால் வேலை தானாக இனித்துவிடாது.

எல்லா வேலையையும் இனிக்க வைக்க முடியும் என்றும் நான் சொல்லவில்லை. காப்புறுதி பாரம் நிரப்புவது, சொக்ஸோ கடிதம் எழுதுவது, கழிவு வாளியைத் தூக்குவது எல்லாம் நேற்றும் சலிப்பு, நாளைக்கும் சலிப்பு. அதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. என் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இனி, சேவை என்ற சொல்லுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்களிடம் மூன்று ஆண்டுகள் வேலை செய்த ஓர் இளம் தாதி. கெட்டிக்காரப் பிள்ளை. நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் இரண்டு மூன்று தடவை குத்தும் கையில் இவர் ஒரே தடவையில் ஊசியை இறக்கிவிடுவார். நோயாளிகள் அவர் ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்குவார்கள். அப்பா லோரி ஓட்டுநர், பிடிபிடிஎன் கடன் பாக்கி, கீழே படிக்கும் தம்பி ஒருவர். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. சம்பளத்தை நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் நாங்கள் கொடுப்பதோடு ஒப்பிடவே முடியாது.

செயலவையில் ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, சேவை மனப்பான்மைன்னா என்னான்னு அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்க. உங்க பேச்சைக் கேக்கும்" என்றார். அவர் சும்மா பேசுகிறவர் இல்லை. 20 ஆண்டுகளாக ஒரு காசு வாங்காமல் இந்த மையத்துக்காக அலைந்தவர். அவர் சொல்வதற்கு ஒரு நியாயம் இருந்தது, காத்திருப்போர் பட்டியலில் 30 பேருக்கு மேல் இருந்தார்கள்.

நான் அந்தப் பிள்ளையிடம் அப்படிப் பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை இருந்திருப்பார், அதுதான் பயமே. அவரே என்னிடம் வந்து, "எனக்கு இங்க ரொம்பப் பிடிச்சிருக்கு அண்ணே, அதான் சொல்லவே சங்கடமா இருக்கு" என்று கண் கலங்கினார். பிடித்திருக்கிறது என்பதையே கயிறாகத் திரித்து ஒருவரைக் கட்டிப்போட முடியும். மண்டோரின் சத்தத்தைவிட அது இதமான கயிறு, அறுப்பதும் கஷ்டம். பாட்டியின் நிரையில் நின்று துரை கேட்டிருக்கக்கூடிய கேள்வியை நான் இங்கே மென்மையான குரலில் கேட்டது போல ஆகியிருக்கும்.

பெரியவர் கொடுப்பது ஓய்வூதியம் வாங்கும் ஒருவரின் நேரம். அது உயர்ந்த கொடைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையிடம் நாம் கேட்பது அவர் வீட்டு வாடகையையும் தம்பியின் படிப்புக் கட்டணத்தையும். இரண்டுக்கும் சேவை என்று ஒரே பேர் வைத்துவிட்டால் வித்தியாசம் மறைந்துவிடுகிறது.

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்வது பற்றிக் கீதை பேசுவதை இந்த மாதிரி நேரத்தில்தான் எடுத்துவிடுவார்கள். நானும் அதைப் படித்து வளர்ந்தவன்தான். எனக்குத் தெரிந்தவரை அது ஒருவர் தன் செயலைத் தானே எப்படிப் பார்ப்பது என்பதற்கான பாடம். சம்பளம் கொடுக்க வேண்டியவர் அதை வாங்க வேண்டியவரிடம் சொன்னால் அதே பாடம் வேறொன்றாக மாறிவிடுகிறது. அதைச் சொன்ன கண்ணன் அப்போது எந்த வேலையில் இருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. தேரோட்டியாக உட்கார்ந்திருந்தார், குதிரையின் கடிவாளம் அவர் கையில் இருந்தது.

நம் இளைஞர் அமைப்புகளிலும் இது நடக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு முகாமில் ஒரு தங்கை சமையல் கட்டை நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்றால் அடுத்த பத்து முகாமுக்கும் அவர்தான் சமையல் கட்டு. "அவளுக்குப் பிடிக்கும்" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஒருநாள் அவர் வருவதை நிறுத்திக்கொள்கிறார், ஏன் என்று யாருக்கும் புரிவதில்லை.

அந்தத் தாதிக்கு நான் சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அவருடைய திறமை அத்தனையையும் அதில் எழுதினேன். சம்பள விஷயத்தைத் தனியாகச் செயலவைக்குக் கொண்டுபோனேன். கடந்த ஐந்து ஆண்டுகளில் விலகிய தாதிமார்கள் எத்தனை பேர், எங்கே போனார்கள், புதியவர் ஒருவரைத் தனியாக விடும் அளவுக்குப் பழக்க எத்தனை மாதம் ஆகிறது என்று ஒரே தாளில் எழுதி வைத்தேன். ஆத்ம திருப்தி என்ற சொல்லை யாரும் எடுப்பதற்கு முன் அந்தத் தாளைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டு கூட்டம் காரசாரமாகப் போனது. நோயாளிகளின் கட்டணத்தை உயர்த்தக்கூடாது என்பதில் எல்லாரும் ஒன்றாக இருந்தோம். பணம் எங்கிருந்து வரும் என்பதில்தான் சண்டை. கடைசியில், சிறுநீரகத் தாதிமைச் சிறப்புப் பயிற்சி முடித்தவர்களுக்கு மாதம் 350 வெள்ளி தனிப்படி, அந்தப் பயிற்சிக் காலத்துக்கு முழுச் சம்பளம் என்று முடிவானது. ஆண்டு விருந்தை இரண்டு ஆண்டுக்கு நிறுத்தி வைக்கலாம் என்று முன்மொழிந்தவர் அதே பெரியவர்தான்.

அதற்குள் அந்தப் பிள்ளை போய்விட்டார். அவருடைய இடம் மூன்று மாதம் காலியாகக் கிடந்தது. அந்த மூன்று மாதமும் தலைமைத் தாதி அக்கா தானே ஒரு வரிசை நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டார், நான் அவருடைய அட்டவணை வேலையையும் கையிருப்புக் கணக்கையும் எடுத்துக்கொண்டேன். போன மாதம் தைப்பிங்கிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். முதல் நாள் காலை தண்ணீர் அறையில் அபாங்கோடு நின்றுவிட்டு வந்து, "இந்த மெஷினுக்கெல்லாம் இவ்ளோ தண்ணியா?" என்று கேட்டார். சிங்கப்பூர் போனவரிடமிருந்து புலனத்தில் அவ்வப்போது செய்தி வரும். கடைசியாகக் கேட்டது, வாத்தியாரின் இடது கையில் இப்போது யார் ஊசி போடுகிறார்கள் என்று. தைப்பிங் மிஸ்ஸி இரண்டாவது தடவையில் சரியாகப் போட்டுவிடுகிறார் என்று அக்கா பதில் அனுப்பினார்.